மரத்து மருந்து

ஜப்பான்காரனுக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு காரேறித் தெற்கே ஓடிய மறுநாள், புக்கிட் செரைத் தோட்டத்து ஜனங்கள் பங்களாவுக்குள் புகுந்து யார் யார் எதைத் தூக்கி வந்தார்கள் என்பது கூலிகள் குடியிருந்த லயத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். ஆள் மேய்க்கும் மண்டோர் இரண்டு மெத்தையும் ஒரு சுவர்க் கடிகாரமும். ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி ஒரு தையல் மிஷின். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் ஜன்னல் திரைகள் ஐந்து. அவள் பிள்ளைகள் நால்வரும் இந்த மூன்று வருஷமாக உடுத்தியது அந்தப் பூப்போட்ட திரைத்துணியைத்தான். பக்கிரிசாமி பங்களாப் பக்கம் தலைகாட்டவே இல்லை. நேராக ஸ்டோருக்குப் போய் மரத்து மருந்து ஒரு டின் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் மனைவி நவமணி மடியில் கட்டிக்கொண்டு வந்தது, மழையில் நனைந்து வெடவெடத்த ஒரு வான்கோழிக் குஞ்சு.

"ஊரே மெத்தையும் கட்டிலுமா தூக்குது. இவரு தாரு டின்னு, இவ கோழிக்குஞ்சு. நல்ல ஜோடி லா!" என்று பிச்சையம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பக்கிரிசாமியைக் குறை சொல்ல முடியாது. ஒன்பது வருஷம் அவனுக்கு அதுதான் வேலை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு விழுந்த பட்டை மழைக்காலத்தில் அழுகும். அழுகலைச் சீவி எடுத்து, கறுப்பாய்த் தார் வாடை அடிக்கும் அந்த மருந்தைத் தூரிகையால் பூசிவிட வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு மரம். 'மரத்து டாக்டரு' என்று கேலியாகத்தான் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் அதை உத்தியோகப் பெயராகவே எடுத்துக்கொண்டான். ஜப்பான்காரன் வந்ததும் பால்வெட்டு நின்றது. மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி போடச் சொன்னார்கள். டாக்டர் கையில் மண்வெட்டி ஏறியது.

அதுவும் நாற்பத்து நாலாம் வருஷத்து ஆடி மாதம் வரைக்கும்தான். அதற்கப்புறம் அவனுக்குக் கால் இரண்டும் வீங்கின. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நாலடி நடந்தால் நெஞ்சு படபடக்கும். சத்துக்குறை வீக்கம் என்று நெல்லுத் தவிடு தின்னச் சொன்னார், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். "நான் என்ன மாடா?" என்று துப்பிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன், ஐப்பசி பிறந்தும் திரும்பவில்லை.

பூச்சி பொட்டும் கிழங்குத் தோலும், பிறகு அவன் துப்பிய தவிடும் தின்று வான்கோழி வளர்ந்தது. நெஞ்சை நிமிர்த்தி, கழுத்துத் தொங்கல் சிவக்க, வாலை விசிறி மாதிரி விரித்து அது நடந்த நடையைப் பார்த்து லயமே அதற்குத் 'தொரை' என்று பேர் வைத்தது. காலையில் நவமணி மரவள்ளிக் காட்டுக்குப் போனால் பின்னாலேயே போகும். அவள் கிழங்கு பிடுங்கிய குழியில் புழு பொறுக்கும். சாயங்காலம் அவளுக்கு முன்னால் நடந்து வீடு திரும்பும். பட்டாள லாரி லயத்துக்குள் வந்த இரண்டு தடவையும் அதைப் பழைய பால் பீப்பாயைக் கவிழ்த்து மூடி, பீப்பாய் மேல் உட்கார்ந்து தலை சிக்கெடுத்தாள். உள்ளேயிருந்து அது சத்தம் போட்டபோதெல்லாம் நெஞ்சு கிழிய இருமினாள்.

பிள்ளை இல்லாதவள், அதனால்தான் இந்த ஒட்டுதல் என்று பேசிக்கொண்டார்கள். அவள் சொன்னது வேறு: "ஒரு வீட்ல ரெண்டு ஜீவனாவது எழுந்து நடமாட வேணாமா?"

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. அன்று காலை அவள் கிழங்குக் கூடையைத் தலையில் ஏற்றிய பிறகும் தொரையைக் காணோம். காட்டின் ஓரத்தில் லாலான் புல் ஆடிக்கொண்டிருந்தது, காற்று இல்லை. ஓடிப் பார்த்தாள். கம்பிக் கண்ணியில் மாட்டிக் கிடந்தது. இடது இறக்கைக்கு அடியில் கம்பி இறங்கி, நெஞ்சுத் தோலை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்திருந்தது. ரொம்ப நேரம் துள்ளியிருக்க வேண்டும். சுற்றிலும் மண் உழுத மாதிரி கிடந்தது.

கண்ணி காட்டுப்பன்றிக்கு வைத்ததா, தொரைக்கே வைத்ததா என்று தெரியவில்லை. கம்பியைப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தாள். அது ரப்பர் மரத்தில் பால் கோப்பையைத் தாங்குகிற கம்பி. அந்தக் கம்பி இல்லாத வீடு லயத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

முந்தானையில் சுற்றித் தூக்கி வந்து வாசலில் போட்டாள். பிச்சையம்மாள் கிழங்கு சீவிய கத்தியோடேயே வந்து எட்டிப் பார்த்தாள்.

"அட பாவமே. நல்லா கிழிஞ்சிருக்கே புள்ள."

"தைச்சா சரியாயிடும்க்கா."

"என்னாத்த தைக்கிறது? கோணி ஊசியாலயா? நான் சொல்றத கேளு. இப்பவே அறுத்துடு. ரத்தம் சூடா இருக்கு, கறி நல்லா இருக்கும். நாலு நாள் வச்சு இளைக்க விட்டுட்டு அறுத்தா எலும்புதான் மிச்சம்."

"அறுக்கற பேச்சு வேணாம்க்கா."

"எனக்குக் குடுன்னு கேட்டனா? ஒன் புருஷன் காலப் பாரு. யானக்காலு மாதிரி. கறி, ஈரலு, சூப்பு போட்டுக் குடுத்தா எழுந்து ஒக்காருவாரு. கறி மொகம் பாத்து எத்தன மாசமாச்சு? எம்புள்ளைங்களுக்கு வான்கோழின்னா படத்துல பாக்கற மாதிரி. தெனம் இது எதுக்க நடந்து போவும், அதுங்க எச்சில முழுங்கிக்கிட்டு ஒக்காந்திருக்கும்."

"அதுக்குன்னு கண்ணி வச்சியாக்கா?"

பிச்சையம்மாள் முகம் மாறியது. "வச்சிருந்தா காலையில ஒங்கிட்ட பேசிக்கிட்டா நிப்பேன்? இந்நேரம் அடுப்புல வெந்துக்கிட்டில்ல இருக்கும்." கத்தியை வாசற்கட்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இங்க கொண்டா புள்ள. வெளிச்சத்துல வையி."

நவமணி திரும்பிப் பார்த்தாள். பக்கிரிசாமி எழுந்து உட்கார்ந்திருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, ஆனாலும் உட்கார்ந்திருந்தான். மூன்று மாதத்தில் அவனாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவன் காயத்தைப் பார்த்த விதமே வேறாக இருந்தது. தலையைச் சாய்த்து, ஓரத்தை விரல் நுனியால் தட்டி, நீளம் அகலம் அளந்தான்.

"இதுக்கெதுக்கு தையலு? மரத்துல வெட்டு ஆழமா போனா தைக்கிறமா? கட்டிலுக்கு அடியில டின்னு இருக்கு, எடு. பிரஷ்ஷு காஞ்சிருக்கும், வென்னீர்ல போடு. மொதல்ல சுத்தி இருக்கற எறகப் புடுங்கு."

"கோழிக்குப் போய் மரத்து மருந்தா? தோலு தாங்குமாங்க?"

"அழுவல் அழுவல்தான், மரமானா என்ன, கோழியானா என்ன? மழ மாசம். ஈ மொச்சா நாளைக்கே புழு வச்சிடும். இந்த வாடைக்கு ஒரு ஈ கிட்ட வரும்ங்கற?"

அவன் பேசிய தோரணை பழைய தோரணை. அவளுக்கு அந்தக் குரலை மறுக்க மனசு வரவில்லை. மருந்தில் சந்தேகம் இருந்தது. ஆனால் டின்னை எடுக்க மாட்டேன் என்று சொன்னால் அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான் என்பதில் சந்தேகமே இல்லை. டின்னை எடுத்தாள்.

இறகைப் பிடுங்கினாள். ஓரத்தில் தொங்கிய தோலை அவன் சொன்னபடி பிளேடால் சீவினாள். சுவரை விட்டால் அவன் சாய்ந்துவிடுவான் என்பதால் தூரிகையையும் அவளே பிடித்தாள்.

"மேலேருந்து கீழ. கோடு விடாம. காயத்தோட நிறுத்தாத, ரெண்டு இஞ்சு தள்ளிப் பூசு. நல்ல பட்டையிலயும் பூசினாத்தான் நோய் தாண்டாது."

மருந்து பட்டதும் தொரை வாயைப் பிளந்தது. சத்தம் வரவில்லை. கால் இரண்டும் விறைத்து நீண்டன.

"எரியுதுங்க அதுக்கு."

"எரியத்தான் செய்யும். மரம் கத்தாது, அவ்ளதான் வித்தியாசம்."

நெஞ்சின் இடது பாதியும் இறக்கையின் அடிப்பக்கமும் கறுத்துப் பளபளத்தன. பக்கிரிசாமி பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினான். அன்றைக்கு அவித்த கிழங்கை அவனே கையால் எடுத்துத் தின்றான். நவமணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் ஈ ஒன்றும் வரவில்லை என்பது உண்மை. ஆனால் கறுப்புக்கு அப்பால் தோல் சிவந்து கிடந்தது. மத்தியானத்துக்குள் பட்டாணி பட்டாணியாய்க் கொப்புளம் கண்டது. தொட்ட இடத்தில் இறகு கையோடு வந்தது, வெந்நீரில் முக்கியெடுத்த கோழியைப் போல. தொரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடுங்கிற்று. கழுத்துத் தொங்கல் சிவப்பு போய் வெளுத்திருந்தது.

"பொங்கியிருக்குங்க. தண்ணி வடியுது."

"மருந்து புடிக்குது. மரமும் மொதல்ல கறுக்கும், பிசின் கசியும், அப்புறந்தான் புதுப் பட்ட எடுக்கும். நாளைக்கு ரெண்டாவது பூச்சு."

"இன்னொன்னா?"

"ஒரு பூச்சோட விட்டா அது வைத்தியமா? ஒம்போது வருஷம் நான் என்ன பண்ணேன், சும்மாவா சுத்துனேன்?"

மூன்றாம் நாள் ரெண்டாவது பூச்சும் பூசினாள். பூசும்போது தொரை துள்ளவில்லை. 

நாலாம் நாள் காலை கொப்புளங்கள் உடைந்து, கறுப்பு மருந்துக்கு அடியில் தோல் பாளம் பாளமாய் வழன்றிருந்தது. புருஷனிடம் கிழங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கூடையில் வாழை இலை போட்டுத் தொரையைக் கிடத்தி, கரங்கான் சாலையில் இரண்டு மைல் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஆஸ்பத்திரி என்று பேர்தான். மருந்து அலமாரியில் பாட்டில்கள் காலியாக வரிசை கட்டி நின்றன. வராந்தாவில் முப்பது நாற்பது பேர் காலில் புண்ணோடு உட்கார்ந்திருந்தார்கள். துணிக் கட்டு தீர்ந்துபோய் ஆறு மாதம். புண்ணுக்கு மேல் வாட்டிய வாழை இலையை வைத்து நாரால் கட்டிவிட்டிருந்தார்கள்.

கூடைக்குள் எட்டிப் பார்த்த ஒருவன் உரக்கச் சொன்னான். "ஏய், தொரைக்கே வைத்தியம் பாக்க வந்திருக்காங்க, வழி விடுங்கப்பா!"

"எந்த வார்டுல படுக்க வைக்கப் போற? வெள்ளக்கார வார்டா?" என்றான் இன்னொருவன். புண்ணோடு சிரித்தார்கள். நவமணி வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தாள்.

டிரெஸ்ஸர் கனகரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருஷமாக அந்தத் தோட்டங்களுக்கு அவர்தான் டாக்டர் மாதிரி. கூடையைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"என்ன பிள்ளை இது? மனுசருக்கே மருந்தில்லாமல் நான் இலை வைச்சுக் கட்டிக்கொண்டிருக்கிறன். நீர் வான்கோழியைக் கொண்டு வாறீர்."

"ஒரு தடவ பாத்துடுங்கய்யா. மருந்து வேணாம். என்னா செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

அவர் குனிந்தார். முகர்ந்தார். நிமிர்ந்தார்.

"என்ன பூசினனீர்?"

"மரத்து மருந்துங்கய்யா. பட்ட அழுவலுக்குப் பூசறது."

"கடவுளே. எத்தினை தரம்?"

"ரெண்டு."

"காயத்திலை மட்டுமோ?"

"ரெண்டு இஞ்சு தள்ளி."

கனகரத்தினம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "முதல் வந்த வெட்டுக்காயம் பெரிய காரியமில்லை, பிள்ளை. உப்புப் போட்டுக் கொதிக்க வைச்சு ஆறின தண்ணியாலை கழுவி, சுத்தியிருக்கிற இறகைக் கத்தரிச்சு, ஈ இருக்காமல் வலைத்துணி போட்டு உலர விட்டிருந்தால் கோழிச்சாதிக்குத் தானாய் மூடியிருக்கும். இது அந்தக் காயமில்லை. இது மருந்து சுட்ட காயம். மரத்துக்குப் பட்டை ஒரு விரல் தடிப்பு. இதுக்குத் தோல் வெங்காயச் சருகு மாதிரி எல்லோ? தோலுக்குள்ளாலை இறங்கி ரத்தத்திலை சேர்ந்திருக்கும்."

"இப்ப என்னாய்யா செய்யறது?"

"தண்ணி விட்டால் போகாது. எண்ணெய் தேய்ச்சு மெல்ல மெல்லத் துடையும். பிறகு சவர்க்காரம் போட்டு இளஞ்சூட்டுத் தண்ணி. குளிர விடாதேயும். குடிக்கத் தண்ணி சொட்டுச் சொட்டாய் விடும்." கொஞ்சம் நிறுத்தினார். "செய்து பாரும். தப்புமெண்டு நான் சொல்லேல்லை. இன்னொண்டு. இதை அறுத்துத் தின்னலாமெண்டு ஒருத்தரும் நினைக்கக் கூடாது. விளங்குதோ?"

அவள் தலையாட்டினாள்.

"உம்மடை மனுசன் தவிடு தின்னுறாரோ?"

அதற்குத் தலையாட்டவில்லை.

வீட்டில் இருந்த எண்ணெய், ரேஷன் பங்கில் கிடைத்த செம்பனை எண்ணெய் கால் பாட்டில். பக்கிரிசாமியின் கஞ்சியில் ஒரு கரண்டி விட என்று வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவன் கண்ணில் படாமல் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து, பழந்துணியால் கறுப்பை ஒற்றி ஒற்றி எடுத்தாள். கறுப்போடு தோலும் வந்தது. பாட்டில் காலியானபோது பாதிக்கூடத் துடைத்தாகவில்லை. சோப்புக்குச் சாம்பல்தான் இருந்தது. அது இன்னும் எரிக்கும் என்று விட்டுவிட்டாள்.

நிமிர்ந்து பார்த்தால் பின்கதவில் பக்கிரிசாமி நின்றான். சுவரைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தான்.

"டிரெஸ்ஸரு என்னா சொன்னாரு?"

"நான் எங்க டிரெஸ்ஸர பாத்தேன்?"

"மண்டோரு மவன் சொன்னான். என்னா சொன்னாரு?"

"மருந்து நல்ல மருந்துதானாம். கொஞ்சம் முந்தி பூசியிருக்கணுமாம்."

அவன் எண்ணெய்த் துணியைப் பார்த்தான். காலி பாட்டிலைப் பார்த்தான்.

"நல்ல மருந்தயா தொடச்சிக்கிட்டு இருக்க?"

அவள் துணியை மடக்கிக் கைக்குள் வைத்தாள். அவன் திரும்பி, வந்த மாதிரியே சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்தான். அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் அவன் சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தான். கிழங்கு தட்டிலேயே காய்ந்தது.

ஆறாம் நாள் மத்தியானம், அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு, தொரை ஒரு தரம் கழுத்தை நீட்டி விறைத்தது. அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றின சிரட்டை அவள் கையிலேயே இருந்தது.

செய்தி அடுப்புப் புகை போல லயம் முழுக்கப் பரவியது. யாரும் துக்கம் கேட்க வரவில்லை. ஆனால் ஆட்கள் வந்து நின்றார்கள். அவள் மண்வெட்டியோடு கொல்லைக் கோடியில் குழி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பொதைக்கவா போற?" என்றாள் பிச்சையம்மாள்.

"கிட்ட வராதக்கா. வெஷம். டிரெஸ்ஸரு சொன்னாரு. ஒடம்பு பூரா மருந்து ஏறியிருக்காம்."

"இருக்கற வரைக்கும் குடுக்கல. சரி, ஒன் செல்லம். செத்தப்பறமும் மண்ணுக்குக் குடுப்பியே தவிர மனுசனுக்குக் குடுக்க மாட்ட, இல்ல?"

"சாமி சத்தியமா வெஷம்க்கா. ஒனக்குக் குடுக்கக் கூடாதுன்னு நான் பொய் சொல்லுவேனா?"

"சொல்லுவ," என்றாள் பிச்சையம்மாள்.

கூட்டத்தில் யாரும் அவளை மறுக்கவில்லை. நவமணி இடுப்பளவு ஆழம் வெட்டினாள். மூடி மிதித்து, மேலே ஒரு கல்லைப் புரட்டிப் போட்டாள். இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு புருஷனுக்குத் தண்ணீர் கொடுக்க உள்ளே போனாள்.

விடிந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தாள். கல் ஓரமாய் நகர்ந்து கிடந்தது. குழி திறந்திருந்தது. நாய் தோண்டின பள்ளம் இல்லை. மண் ஒரே பக்கமாய்க் குவிக்கப்பட்டு, விளிம்பில் மண்வெட்டி வெட்டு நேராய் இறங்கியிருந்தது.

லயத்தின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். "நான் சண்டைக்கு வரல. எடுத்தவங்க யாரா இருந்தாலும் பரவால்ல. தின்னுடாதீங்க. அவ்ளதான் சொல்ல வந்தேன்." முதல் வீட்டில் கதவைத் திறந்து, கேட்டுவிட்டு, மூடினார்கள். இரண்டாம் வீட்டில், "எங்கள என்னா பொணந்தின்னின்னு நெனச்சியா?" என்று கேட்டார்கள். மூன்றாம் வீட்டில் திறக்கவே இல்லை. பதினாறு வீடு. தன் வீட்டைத் தாண்டிப் பிச்சையம்மாள் வாசலுக்கு வந்தபோது எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கறி வேகும் வாசனைக்குள்ளே, மெல்லிசாய், அந்தத் தார் வாடை வந்தது.

உள்ளே நாலு பிள்ளைகளும் தகரத் தட்டுகளோடு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. பிச்சையம்மாள் எழுந்து சட்டிக்கும் நவமணிக்கும் நடுவில் நின்றாள்.

"மூணு தண்ணி கொதிக்க வச்சு கொட்டிட்டேன். தோல உரிச்சிட்டேன். ஈரல தூக்கி எறிஞ்சிட்டேன்."

"அக்கா. அது ரத்தத்துல போயிருக்கு."

"போயிருக்கட்டும். இன்னிக்கு இதுங்களுக்கு நான் என்னா குடுக்கறது, நீ சொல்லு. நேத்தும் கெழங்கு. முந்தாநேத்தும் கெழங்கு. சின்னவனுக்கு ஒன் புருஷன் மாதிரியே காலு ஊத ஆரம்பிச்சிடுச்சு. பாரு. அமுக்கிப் பாரு."

நவமணி அமுக்கிப் பார்க்கவில்லை. சின்னவன் காலைத் தானே நீட்டிக் காண்பித்தான்.

சட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும் என்றுதான் கையை நீட்டினாள். நாலு ஜோடிக் கண்ணும் அந்தக் கையோடேயே போயின. கவிழ்த்தால் தரையிலிருந்து பொறுக்குவார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"எறக்கு," என்றாள்.

"என்னாத்துக்கு?"

"எறக்குக்கா. நான்தானே பூசினேன். எங்கெங்க பட்டதுன்னு எனக்குத்தான் தெரியும்."

பிச்சையம்மாள் சட்டியை இறக்கி வைத்தாள். நவமணி சம்மணம் போட்டு உட்கார்ந்து, கறியை வாழை இலையில் கொட்டினாள். ஆவி முகத்தில் அடித்தது. இடது நெஞ்சுக் கறி தனியாய்த் தெரிந்தது, ஓரத்தில் ஒரு பழுப்பு இறங்கியிருந்தது. அதை ஒதுக்கினாள். இடது இறக்கை. ஒதுக்கினாள். அதிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி இருந்ததையும் ஒதுக்கினாள். வலது தொடை, வலது இறக்கை, கழுத்து. ஒவ்வொன்றையும் மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து, இந்தப் பக்கம் வைத்தாள். சிறு துண்டுகளாய் வெட்டிப் போட்டிருந்ததில் பாதிக்கு மேல் எந்தப் பக்கத்துக் கறி என்று தெரியவில்லை. முகர்ந்தால் எல்லாவற்றிலும் வாடை இருக்கிற மாதிரியும் இருந்தது, ஒன்றிலும் இல்லாத மாதிரியும் இருந்தது. அவள் விரலிலேயே ஆறு நாளாய் அந்த வாடை.

"ஒன் புருஷனுக்கு," என்று பிச்சையம்மாள் வலது தொடையில் ஒரு துண்டை எடுத்துத் தனி இலையில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினாள். நவமணி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எடுக்கவும் இல்லை.

வலது என்று வைத்ததும், எதென்று தெரியாததும் பிள்ளைகளின் தட்டில் விழுந்தன. மூன்று பேர் தலை நிமிராமல் தின்றார்கள். மூத்த பெண் மட்டும் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நவமணியிடம் நீட்டினாள்.

"அத்த, இது எந்தப் பக்கம்?"

நவமணி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வலது பக்கந்தான்," என்றாள். "தின்னு."